உங்களுக்குத் தெரியுமா? கேம் காருக்கும் மிஸ்ஸிங் வரும்!

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் மூன்று அலகுகள். அலகுக்கு 500 மெகாவாட் வீதம் மொத்தம் 1,500 மெகாவாட். என்.டி.பி.சி.யும் தமிழக மின்வாரியமும் கூட்டாகத் தொடங்கியது. மின்சாரம் இவ்வளவு பக்கத்தில் விளைந்தும், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடும்போது திரை திக்கினால் முதல் திட்டு கரண்டுக்குத்தான் விழும். “லோ வோல்டேஜ் தம்பி, ஒரு ஸ்டெபிலைசர் போட்டுடு” என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

பாவம், கரண்டு பெரும்பாலும் நிரபராதி. பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். நல்ல தரமானதாக இருந்தால் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுத்துவிடும். மின்சாரம் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு நின்றால்கூட உள்ளே உள்ள கெபாசிட்டர் சுமார் 16 மில்லிவினாடி தாக்குப்பிடிக்கும். அதற்கும் மேலே போனால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், இல்லை ரீஸ்டார்ட் ஆகும். திக்கித் திக்கி ஓடாது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது டியூப் லைட் மினுக்குவதும் கேம் திக்குவதும் ஒரே நேரத்தில் நடந்தால் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் லைட் மினுக்காத வேளையில் கேம் எத்தனை தடவை திக்கியது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

லேப்டாப்காரர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. சார்ஜருக்குக் கரண்டு நின்ற மறு நொடி லேப்டாப் பேட்டரிக்கு மாறும். உடனே கிராபிக்ஸ் சிப்பின் வேகத்தை அதுவே பாதிக்கும் கீழே இறக்கிவிடலாம். பிளக் லூசாக இருந்தாலும் இதே கதைதான்.

★

மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 55 மீட்டரைத் தாண்டிவிடும். திரையில் வினாடிக்கு 60 படங்கள் ஓடினால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கார் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். அதில் ஒரே ஒரு படம் 115 மில்லிவினாடி தாமதித்தால்? ஆறு மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியாகிறது. பிரேக் அடிக்க வேண்டிய இடம் போயே போச்சு. செஸ் ஆட்டத்தில் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. ரேஸில்தான் மானம் போகும்.

★

வினாடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எஃப்.பி.எஸ். மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் முழு உண்மையையும் சொல்லாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 59 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 15 மில்லிவினாடி; ஆக 885. மீதியுள்ள ஒரே படத்துக்கு 115. கூட்டினால் சரியாக ஒரு வினாடி, 60 படங்கள். திரை மூலையில் மீட்டர் ‘60’ என்று பெருமையாகக் காட்டும். கார் அந்த நேரம் சுவரில் மோதியிருக்கும்.

இந்தச் சராசரி மோசடியைப் பளிச்சென்று போட்டு உடைத்தவர் ஸ்காட் வாசன். அப்போது டெக் ரிப்போர்ட் என்ற அமெரிக்கக் கணினி இணைய இதழின் ஆசிரியராக இருந்தவர். ஒரு வினாடிக்கு எத்தனை படம் என்று எண்ணாதீர்கள், ஒவ்வொரு படமும் எத்தனை மில்லிவினாடி எடுக்கிறது என்று பாருங்கள் என 2011-இல் எழுதினார். இன்று கிராபிக்ஸ் கார்டு விமர்சனங்களில் எல்லாரும் போடும், மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் வேகத்தைச் சொல்லும் ‘ஒரு சதவீத லோ’ என்ற கணக்கு பரவியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. கடைக்காரர் “இந்த கார்டுல 90 எஃப்.பி.எஸ். வரும் ண்ணா” என்றால், “ஒரு சதவீத லோ எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் சிலர் டக்கென்று பதில் சொல்வார்கள். பலர் டீ சொல்வார்கள்.

★

இதை அளக்கக் காசு செலவில்லை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் போதும். உங்கள் கார்டு எந்த கம்பெனியாக இருந்தாலும் ஓடும். அதோடு வரும் ரிவாட்யூனர் மூலம் ‘ஃப்ரேம் டைம்’ கோட்டைத் திரையிலேயே வரையச் சொல்லலாம். கோடு தட்டையாகப் போனால் நலம். ரோட்டில் கல் கிடப்பதுபோல எப்போதாவது ஒரு முள் எழும்பினால், டிஸ்க்கோ, ஷேடரோ, பின்னணியில் ஓடும் வேறு மென்பொருளோ காரணம். வெகுநேரம் தட்டையாகப் போய், பிறகு ஒரேயடியாக மேலே ஏறி நின்றுவிட்டால் சூடு. ஆரம்பத்திலிருந்தே உயரத்தில் நின்றால் அது திக்கல் இல்லை, பெரும்பாலும் கார்டுக்குச் சக்தி போதவில்லை. அந்த ஒரு கேஸில் மட்டும்தான் புது கார்டு வாங்கும் பேச்சு.

★

சென்னையிலிருந்து செங்குன்றம் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் சோழவரம் வரும். ஏரிக்குப் பெயர் பெற்ற ஊர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றும் அங்கே இருந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1980-களின் கடைசி வரை அந்த ஓடுதளத்தில்தான் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. நாடு முழுவதிலிருந்தும் வீரர்கள் சோழவரத்துக்கு வந்தார்கள். பிறகு 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு, 3.7 கி.மீ. நீளமுள்ள சொந்த டிராக்குக்கு மாறியது. கேமில் வரும் மெக்சிகோ ரோடும் ஜப்பான் மலையும் மனப்பாடமாகத் தெரிந்த மீஞ்சூர்ப் பையன்களில் எத்தனை பேருக்குப் பக்கத்து ஊரின் இந்தக் கதை தெரியும் என்பது சந்தேகமே.

நிஜ ரேஸ் காரிலும் திக்கல் உண்டு. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது மட்டும் எஞ்சின் விக்கினால், டாங்கியில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி உறிஞ்சு குழாய்க்கு எட்டவில்லை என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் விக்கினால் எரிபொருள் வரத்து போதவில்லை. எஞ்சின் சூடேறிய பிறகு மட்டும் விக்கினால் இக்னிஷன் காயில் மேல் சந்தேகம் போகும். நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் “எப்ப விக்குது?” என்று கேட்பார். கேம் திக்கினாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். கீழே வரும் துணுக்குகளில் பலவும் அந்த ‘எப்ப’வுக்கு விடைகள்.

★

முதல் சுற்றில் திக்குகிறது, அதே வளைவில் இரண்டாவது சுற்றில் திக்கவில்லை. அப்படியானால்?

ஷேடர். புகை, தூசி, ஈர ரோட்டின் பளபளப்பு, ஹெட்லைட் வெளிச்சம் என ஒவ்வொன்றையும் எப்படி வரைவது என்று சொல்லும் குட்டி நிரல்கள்தான் ஷேடர்கள். ஒவ்வொரு கிராபிக்ஸ் சிப்புக்கும் அவை அதற்குரிய மொழியில் தனியே மாற்றப்பட வேண்டும். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் இருப்பது இன்ன சிப் என்று முன்கூட்டியே தெரியும்; கம்பெனியே மாற்றி அனுப்பிவிடுகிறது. பி.சி.யிலோ யார் வீட்டில் எந்த கார்டு, எந்த டிரைவர் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அந்த மாற்றும் வேலை உங்கள் மெஷினிலேயே நடக்கிறது. கேம் தொடங்கும் முன்பே செய்து முடித்தால் பிரச்னை இல்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது, முதன்முதலாகப் புழுதி கிளம்பும் அந்த நொடியில் செய்தால் திரை விக்கும்.

இதில் பெயர் கெட்டது 2023 நவம்பரில் வந்த ‘இ.ஏ. ஸ்போர்ட்ஸ் டபிள்யூ.ஆர்.சி.’ ராலி கேம். முப்பது கி.மீ. நீளப் பாதைகளுக்குப் பழைய எஞ்சின் ஈடுகொடுக்காது என்று கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் தன் சொந்த ஈகோ எஞ்சினை விட்டு அன்ரியல் எஞ்சினுக்கு மாறியது. வெளியான நாளிலிருந்தே பி.சி.யில் திக்கல் புகார்கள் குவிந்தன. விலையுயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. கம்பெனி அடுத்தடுத்துப் பேட்ச் விட வேண்டியதாயிற்று. ‘என் மெஷின்தான் மட்டம்’ என்று தலையில் கை வைத்து உட்காருவதற்கு முன், மற்றவர்களுக்கும் அதே கேம் திக்குகிறதா என்று ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் பழைய ஷேடர்கள் செல்லாமல் போகும். எல்லாம் மறுபடி தயாராக வேண்டும். ஆகவே டிரைவர் அப்டேட் போட்ட அன்று கேம் கொஞ்சம் கூடுதலாகத் திக்கினால் பதற வேண்டாம். ‘வாரம் ஒருமுறை ஷேடர் கேஷைத் துடையுங்கள், கேம் பறக்கும்’ என்று வீடியோவில் சொல்பவர்கள், சமைத்து வைத்த சோற்றைக் கொட்டிவிட்டு மறுபடி உலை வைக்கச் சொல்கிறார்கள்.

★

ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஆடும்போது திரை ஓரத்தில் ‘ஸ்ட்ரீமிங் பேண்ட்வித் குறைவு’ என்று ஓர் அறிவிப்பு வரும். நம்மவர்கள் உடனே ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்கள். இன்டர்நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! உங்கள் டிஸ்க்கைத்தான் அது குறை சொல்கிறது.

100 ஜி.பி.க்கு மேல் இருக்கும் அந்தக் கேமின் உலகம் மொத்தமாக ராமில் ஏறாது. கார் போகப் போக, முன்னால் வரும் மரம், வீடு, மலை எல்லாம் டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க், தட்டின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தன் முள்ளை நகர்த்தவே சுமார் 10 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். எஸ்.எஸ்.டி.யில் அதே வேலை ஒரு மில்லிவினாடிக்கும் வெகு கீழே. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்க்’ வரியைப் பாருங்கள். திக்கும் நேரமெல்லாம் அது 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். விலை கூடிய என்.வி.எம்.இ. வகைதான் வேண்டும் என்பதில்லை. பழைய மெஷினுக்குச் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இதைவிடக் கைமேல் பலன் தரும் ரிப்பேர் வேறில்லை என்பேன்.

★

“ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க சார்.” கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளின் சர்வரோக நிவாரணி. கடற்காற்றில் உப்பும் ஈரமும் உள்ள எண்ணூர், பழவேற்காடு பக்கங்களில் ராமின் பித்தளை நிறப் பற்களில் படலம் கட்டுவது உண்மைதான். ஆனால் அதனால் வருவது ‘டிஸ்ப்ளே வரலை’ என்ற நோய். திக்கலுக்கு அந்த மருந்து வேலை செய்யாது.

ராம் சம்பந்தமாகப் பார்க்க வேண்டியது வேறொன்று: எத்தனை குச்சி? 16 ஜி.பி. ஒரே குச்சியாக இருப்பதைவிட 8 ஜி.பி. குச்சி இரண்டாக இருப்பது மேல். ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவே இரண்டு பாதைகள் உண்டு. ஒற்றைக் குச்சி போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், ரைசன் 5600ஜி மாதிரி ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள மெஷின்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் படம் வரைவதற்கும் அதே ராம்தான். நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுவதுதான் வழக்கம். பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவிட்டு “டபுள் ராம் போட்டாச்சு” என்று அனுப்பிவிடும் கடைகளும் உண்டு.

3200 வேகம் என்று அட்டையில் போட்டு விற்ற ராம், பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்யும் வரை 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். வாங்கிய சரக்கு முழுசாக வேலை செய்கிறதா என்று டாஸ்க் மேனேஜரிலேயே பார்க்கலாம்.

★

2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா லேப்டாப் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில். நம் மாவட்டத்தில் பலருக்கு வாழ்க்கையில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். முதல் கார் ரேஸ் கேமும் அதில்தான். படிப்புக்கென்று கொடுத்த மெஷின் அது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இன்றைய கேமை அதில் ஏற்றிவிட்டு திக்குகிறது என்று குறை சொல்வது நியாயமில்லை.

அதே மாதம்தான் கோட்மாஸ்டர்ஸின் ‘எஃப்1 2011’ கேம் வந்தது. டெல்லிக்குப் பக்கத்தில் கட்டப்பட்ட புத்தா டிராக் அதில் இருந்தது. அங்கே நிஜப் பந்தயம் நடந்தது அக்டோபர் 30-ஆம் தேதி. ஆக, கோவையின் எஃப்1 வீரர் நரேன் கார்த்திகேயன் அந்த டிராக்கில் நிஜக் காரை ஓட்டுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்தபடி நம்மாட்கள் ஓட்டிவிட்டார்கள். சுமாரான மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து வருடப் பழைய ரேஸ் கேம்கள் ஒரு பொக்கிஷம். புதுசைத் திக்கித் திக்கி ஆடுவதைவிடப் பழசைத் தடையில்லாமல் ஆடுவதில்தான் சுகம்.

★

புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் ஒரு மாற்றமும் இல்லையா? மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பெட்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கார்டில் சொருகாமல் மேலே மதர்போர்டிலேயே சொருகியிருப்பார்கள். சிரிக்காதீர்கள், தினமும் நடப்பது.

★

ஆட ஆரம்பித்த பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் திக்கல் தொடங்கி நிற்பதே இல்லை. இது சூடு. நம் பக்கத்தில் அதிகம் வருவதும் இதுதான்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த அளவு போக வேண்டாம், சாதாரணக் கத்திரி வெயிலே போதும். அறையின் சூடு பத்து டிகிரி கூடினால், அதே வேலையைச் செய்யும் சிப்பின் சூடும் ஏறத்தாழ அந்தப் பத்து டிகிரி கூடும். இன்டெல் லேப்டாப் சிப்புகள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. அந்த வரம்பைத் தொட்டதும் சிப் தன் உயிரைக் காத்துக்கொள்ள வேகத்தை வெட்டும், ஆறியதும் ஏற்றும், மறுபடி வெட்டும். ஜனவரி ராத்திரியில் அருமையாக ஓடிய கேம் மே மாத மத்தியானத்தில் படுத்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதோடு நம் வட்டாரத்துத் தூசி. காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்களுக்கு இரவு பகலாகப் போகும் கன்டெய்னர் லாரிகள், நிலக்கரி, அனல்மின் சாம்பல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்கு ஆலைகள். ஜன்னல் கம்பியில் விரல் வைத்தாலே தெரியும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ப்ராசஸர் மேல் உள்ள ஃபேன் ஓரளவு சுத்தமாகத்தான் தெரியும். அதில் ஏமாந்துவிடக் கூடாது. ஃபேனைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி அதைத் தூக்க வேண்டும். அடியில் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு, நகத்தால் நிமிண்டினால் ஒரே துண்டாகப் பெயர்ந்து வரும் அளவுக்குப் படலம் கட்டியிருக்கும். காற்று போக வழியே இருக்காது. பெட்டியை வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பல வருடமாகக் கழற்றாத மெஷின் என்றால் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து பொடியாகியிருக்கும்.

மேசைக்குக் கீழே கதவு போட்ட அறைக்குள் சி.பி.யு.வைப் பூட்டி வைப்பதும், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடுவதும் ஒன்றுதான். இரண்டிலும் மூச்சுத் திணறும்.

★

பந்தயம் தொடங்கும் இடத்தில், 20 கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு முதல் வளைவுக்குப் போகும்போது மட்டும் திக்கி, பிறகு சரியாகிவிட்டால் ப்ராசஸருக்குத்தான் பாரம். 2014-இல் இத்தாலியின் குனோஸ் நிறுவனம் வெளியிட்ட அசெட்டோ கோர்ஸா கேம், டயர் பிடிப்பையும் சஸ்பென்ஷனையும் வினாடிக்கு 333 தடவை கணக்குப் போடுகிறது. ஐ-ரேசிங் என்ற கேம் 360 தடவை. எதிரி கார்களை ஓட்டுவதும் உங்கள் ப்ராசஸர்தான். சமாளிக்க முடியாதபோது அசெட்டோ கோர்ஸா ‘சி.பி.யு. 99 சதவீதத்துக்கு மேல்’ என்று திரையிலேயே எச்சரிக்கும். எதிரிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிப் பாருங்கள். அப்படியே ரியர் வியூ கண்ணாடியின் தரத்தையும் குறையுங்கள். கண்ணாடிக்குள் தெரிவது வெறும் படம் இல்லை. பின்பக்க உலகம் முழுவதையும் கேம் இன்னொரு தடவை வரைகிறது.

★

4 ஜி.பி. கார்டில் டெக்ஸ்சரை ‘அல்ட்ரா’வில் வைத்தால் கார்டின் சொந்த நினைவகம் நிரம்பி வழிந்து, மிச்சம் கம்ப்யூட்டர் ராமில் போய் உட்காரும். அங்கிருந்து எடுத்து வரும்போதெல்லாம் ஒரு குலுக்கல். ஒரே ஒரு படி இறக்கினால் அழகு அப்படியே இருக்கும், குலுக்கல் மட்டும் காணாமல் போகும்.

★

நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸ் என்ற 2013-ஆம் வருடக் கேம் 30 எஃப்.பி.எஸ்.ஸில் பூட்டப்பட்டே வந்தது. கெட்டிக்காரர்கள் சிலர் பூட்டை உடைத்து 60 ஆக்கினார்கள். கார் வழவழவென்று ஓடவில்லை, இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தது! கேமின் கடிகாரமே அந்த 30 படங்களோடு கட்டப்பட்டிருந்ததுதான் காரணம்.

எண்ணிக்கை கூடினால்தான் நன்றாக ஓடும் என்பதும் இல்லை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை திரையைப் புதுப்பிக்கும். உங்கள் மெஷின் 45-க்கும் 55-க்கும் நடுவே தள்ளாடினால் சில படங்கள் ஒரு முறையும் சில படங்கள் இரு முறையும் காட்டப்படும். கண் அதைத் திக்கலாகவே உணரும். 30-இல் பூட்டிவிட்டால் எல்லாப் படமும் சமமாக இரண்டிரண்டு முறை வரும். ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் உள்ள மானிட்டர் என்றால் கார்டின் தாளத்துக்கு மானிட்டரே இறங்கி வரும். ஆனால் மானிட்டரின் சொந்த மெனுவிலும் அதை ஆன் செய்ய வேண்டும். வாங்கிய நாளிலிருந்து ஆஃபிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி விண்டோஸில் 60-இலேயே விட்டிருப்பவர்களும் அப்படித்தான்.

★

மெஷின் புதுசு, சூடில்லை, எஸ்.எஸ்.டி. உண்டு, ஆனாலும் எப்போதாவது ஒருமுறை ஒன்றிரண்டு வினாடி எல்லாமே உறைந்து, சத்தமும் கரகரக்கிறதா? ரைசன் ப்ராசஸர்காரர்கள் இதைப் படிக்கவும். 2021-இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கட்டாயம் என்றது. பலரும் ப்ராசஸருக்குள் இருக்கும் எஃப்.டி.பி.எம்.மை ஆன் செய்தார்கள். அது அவ்வப்போது மதர்போர்டில் உள்ள மெதுவான பயாஸ் சிப்போடு பேசப் போகும்போது கம்ப்யூட்டரே காத்துக்கிடந்தது. 2022 மார்ச்சில் ரைசனின் கம்பெனியான ஏ.எம்.டி. தன் தவற்றை ஒப்புக்கொண்டு, மே மாதம் முதல் புது பயாஸ் மூலம் சரி செய்தது. அடுத்த ஆண்டு லினக்ஸிலும் இதே தொல்லை தலைகாட்ட, லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் எஃப்.டி.பி.எம்.மைக் காய்ச்சி எடுத்தார்.

மருந்து பயாஸ் அப்டேட். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கரண்டைக் கண்டு தாராளமாகப் பயப்படலாம். பாதியில் மின்சாரம் நின்றால் மதர்போர்டு செத்துவிடக்கூடும். யு.பி.எஸ்.ஸில் மாட்டிச் செய்யுங்கள், வெல்டிங் பட்டறை மூடிய பிறகு செய்யுங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஆனில் இருந்தால் அதன் மீட்பு எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

★

ஆன்லைனில் ஆடும்போது உங்கள் காரும் ரோடும் ஒழுங்காக ஓட, எதிரி கார்கள் மட்டும் இங்கிருந்து அங்கே தாவுகின்றனவா? குற்றவாளி கம்ப்யூட்டர் இல்லை, நெட். ரோடே விக்கினால் கம்ப்யூட்டர். இவ்வளவு எளிதான சோதனை இருக்க, ‘லேக்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் ஓடும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 200 கி.மீ. போகும். போக 16, வர 16. ஆக 32 மில்லிவினாடிக்குக் கீழே சிங்கப்பூர் சர்வரின் பிங்கை அந்த வழியில் இறக்க யாராலும் முடியாது. ‘பிங் குறைக்கும் ஆப்’ விற்பவர்கள் ஒளியின் வேகத்தையும் சேர்த்து விற்கிறார்களா என்று கேளுங்கள். வைஃபையை விட்டு லேன் ஒயர் மாட்டுவது மட்டும் நிஜமாகவே உதவும்.

★

‘கேம் பூஸ்டர்’, ‘ராம் கிளீனர்’, ரெஜிஸ்ட்ரி ட்வீக்: மூன்றையும் தொடாதீர்கள். பின்னணியில் ஓடுவதைக் குறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்னணியில் ஓடும் இன்னொரு மென்பொருளே பூஸ்டர். ஸ்டீயரிங் வீல் மென்பொருள், லைட் எரியும் கீபோர்டு மென்பொருள், திரையை ரெக்கார்ட் செய்யும் கேம் பார் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பதில் அதைவிடப் பலன் உண்டு. ஒவ்வொன்றாக என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். ஐந்தை ஒரே மூச்சில் மாற்றிவிட்டுக் கேம் சரியானால், எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த தடவை மறுபடி ஐந்தும்.

★

இத்தனையும் பார்த்த பிறகும் புதுக் கேம் திக்கினால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ‘ஷேடர் தயாராகிறது, காத்திருக்கவும்’ என்று திரை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்களே, அந்த நேரத்தையும் ஸ்டீம் ஆடிய நேரமாகத்தான் எழுதிக்கொள்ளும்.